அம்பாசிடர், எம்ஜி கார்களின் பி-சீரீஸ் எஞ்சினுக்கு கார்புரேட்டர் மாற்றுவது எப்படி? தேர்வு முதல் டியூனிங் வரை

அம்பாசிடரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே 1489 சிசி எஞ்சின்தான் எம்ஜிஏ 1500 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. பிறகு 1798 சிசியாக வளர்ந்து 1962 முதல் 1980 வரை எம்ஜிபி காரை ஓட்டியது. அம்பாசிடரில் ஒற்றை சோலெக்ஸ் கார்புரேட்டருடன் அது தந்தது சுமார் 50 குதிரைத்திறன். எம்ஜிஏ-வில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டருடன் முதலில் 68, பிறகு 72.

இந்த 20 சொச்சம் குதிரைகளைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கார்புரேட்டர் தேடக் கிளம்புகிறார்கள். ஆனால் எம்ஜிஏ-வில் கம்பிரஷன் கூடுதல், கேம்ஷாஃப்ட் வேறு, எக்ஸாஸ்ட் வேறு. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அதற்கு ஏற்ற பெட்ரோலைக் கலந்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. எஞ்சின் கேட்காத காற்றை அது உள்ளே தள்ளாது. ஆகவே முதலில் எஞ்சின் எவ்வளவு கேட்கிறது என்று அளக்க வேண்டும். கேட்லாக் பார்ப்பது அதற்குப் பிறகு.

படி 1: இருக்கும் எஞ்சினை நேராக்குங்கள்

"கார்புரேட்டர் சரியில்லை" என்று சொல்லப்படும் பழைய கார்களில் பாதிக்கு மேல் கோளாறு பற்றவைப்பில் இருக்கும். கீழ்க்கண்டவற்றை முடிக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

- டேப்பெட் இடைவெளி 0.015 அங்குலம் (0.38 மி.மீ.). எட்டு வால்வுகளையும் பார்க்கவும்.
- கான்டாக்ட் பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.
- டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் டைமிங் ஒவ்வொரு சுற்றுக்கும் மாறுகிறது என்று பொருள். எந்தக் கார்புரேட்டரும் அதைச் சரிசெய்யாது.
- வேக்யூம் அட்வான்ஸ் டயஃப்ரம்: குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே பிளேட் நகர வேண்டும், விடாமல் நிற்கவும் வேண்டும்.
- கம்பிரஷன் டெஸ்ட்: எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து எடுக்க வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹெட் வேலை முதலில்.

அடுத்து மேனிஃபோல்டில் வேக்யூம் கேஜ் மாட்டுங்கள். ஸ்டாக் (கம்பெனி போட்டபடியே உள்ள) கேம் கொண்ட நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் அசையாமல் நிற்கும். 14, 15-இல் முள் நின்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. முள் சீராகத் துடித்துக்கொண்டே இருந்தால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை.

படி 2: கார்புரேட்டர்தான் தடையா?

அதே வேக்யூம் கேஜை நீளமான குழாய் போட்டு காருக்குள் கொண்டுவாருங்கள். ஆளில்லாத நேரான சாலையில், மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து எஞ்சினின் உச்ச வேகம் வரை போகவும். பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் படிக்கட்டும்.

முழு ஆக்சிலரேட்டரில் மேனிஃபோல்டில் வேக்யூம் ஏறக்குறைய இருக்கக் கூடாது. உச்ச வேகத்தில் 1 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் கார்புரேட்டர் வேண்டிய காற்றை விடுகிறது, பெரியதை மாட்டினாலும் வேகம் கூடாது. 2 அங்குலத்துக்கு மேல் காட்டினால் அடைப்பு உண்டு. அப்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரே ஒருமுறை மறுபடி ஓடிப் பாருங்கள். அளவு இறங்கினால் தடை ஃபில்டரில். இறங்காவிட்டால் கார்புரேட்டரிலோ மேனிஃபோல்டின் துளையிலோ.

இந்தச் சோதனைக்கு முன், பெடல் தரையைத் தொடும்போது பட்டர்ஃப்ளை (கார்புரேட்டருக்குள் காற்றைத் திறந்து மூடும் தகடு) முழுக்கத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லிங்கேஜ் தேய்ந்து முக்கால் பங்கு மட்டுமே திறக்கும் அம்பாசிடர்கள் நிறைய உண்டு.

படி 3: காற்றின் கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. லிட்டரில் கொள்ளளவை 2-ஆல் வகுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, நிரம்பும் திறனால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். ஸ்டாக் எஞ்சினுக்கு நிரம்பும் திறன் (கொள்ளளவில் எவ்வளவு பங்கு உண்மையில் நிரம்புகிறது என்பது) 0.80, காற்றுத் துளைகளைச் செதுக்கித் திருத்திய ஹெட் என்றால் 0.85 என வைத்துக்கொள்ளலாம்.

அம்பாசிடர் 1489 சிசி, 5,000 ஆர்பிஎம்: 1.489 ÷ 2 × 5,000 × 0.80 = சுமார் 2,980 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆகவே நிமிடத்துக்கு 105 கன அடி.

எம்ஜிபி 1798 சிசி, 5,500 ஆர்பிஎம்: 1.798 ÷ 2 × 5,500 × 0.85 = சுமார் 4,200 லிட்டர், அதாவது 148 கன அடி.

கார்புரேட்டர் பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) எண்ணோடு இதை நேரடியாக ஒப்பிடும்போது கவனம் தேவை. அமெரிக்க வழக்கப்படி நான்கு பேரல் (காற்றுக் குழல்) கார்புரேட்டரை 1.5 அங்குலப் பாதரச அழுத்தக் குறைவிலும், இரண்டு பேரல் கார்புரேட்டரை 3 அங்குலத்திலும் அளக்கிறார்கள். இரண்டு பேரலின் எண்ணை 1.41-ஆல் வகுத்தால்தான் ஒரே தராசுக்கு வரும்.

இனி பி-சீரீஸுக்கே உரிய சிக்கல். இதன் ஹெட்டில் இன்லெட் போர்ட் இரண்டே இரண்டு. 1-ம் 2-ம் சிலிண்டர்கள் ஒன்றைப் பங்குபோடுகின்றன, 3-ம் 4-ம் இன்னொன்றை. பற்றவைப்பு வரிசை 1-3-4-2. இதை எழுதி வைத்துப் பாருங்கள்: 3 இழுத்த உடனே 4 இழுக்கிறது, பிறகு 2, உடனே 1. அதாவது பின் போர்ட்டில் இரண்டு இழுப்பு அடுத்தடுத்து வருகிறது, அப்புறம் அது ஒரு முழுச் சுற்று சும்மா இருக்கிறது. அந்த நேரத்தில் முன் போர்ட் வேலை செய்கிறது.

ஆகவே "இரண்டு கார்புரேட்டர் என்றால் ஒவ்வொன்றும் பாதி காற்றுக்குப் போதும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. தன் முறை வரும்போது ஒவ்வொரு கார்புரேட்டரும் ஏறக்குறைய முழு எஞ்சினின் காற்றையும் விட வேண்டும். இரட்டை எஸ்யூ மேனிஃபோல்டில் நடுவே ஒரு பேலன்ஸ் பைப் இருப்பது இதற்காகத்தான்: சும்மா இருக்கும் கார்புரேட்டர் மற்றதற்குக் கொஞ்சம் கைகொடுக்கும். அந்தப் பைப்பை அடைத்தால் ஐட்லிங் முரடாகும். ஒற்றைக் கார்புரேட்டரில் இந்தத் துடிப்பு இல்லை, நான்கு இழுப்பும் வரிசையாக வருவதால் காற்று கிட்டத்தட்ட சீராக ஓடும். ஆஸ்டின் 1800 காரில் இதே 1798 சிசி எஞ்சினுக்கு ஒற்றை 1¾ அங்குல எஸ்யூ எச்எஸ்6 மட்டும் போட்டு நிறுவனமே திருப்தி அடைந்ததற்கு இது ஒரு காரணம்.

படி 4: எதைத் தேர்ந்தெடுப்பது

*பழையதையே புதுப்பிப்பது.* தினசரி ஓடும் ஸ்டாக் அம்பாசிடருக்கு இதுவே முதல் பரிந்துரை. சோலெக்ஸில் மூன்று இடங்கள் கெடும். பட்டர்ஃப்ளை ஷாஃப்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்து காற்று இழுக்கும், லேத்தில் கொடுத்து பித்தளை புஷ் போட வேண்டும். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதால் அடி ஃப்ளாஞ்ச் வளைந்திருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பர் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் விறைத்துப்போய் பிக்கப்பில் ஒரு தடுமாற்றம் வரும். ஜெட்களை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகள்) கம்பியால் குத்திச் சுத்தம் செய்திருந்தால் அளவு கெட்டிருக்கும், புதியது வாங்கிவிடுங்கள்.

*ஒற்றை எஸ்யூ.* அம்பாசிடரிலிருந்து ஒரு படி மேலே போக விரும்பினால் இதுதான் அளவான தேர்வு. எச்எஸ்4 1½ அங்குலம், எச்எஸ்6 1¾ அங்குலம். எஸ்யூவின் சிறப்பு, காற்று செல்லும் வாயின் அளவை அதுவே மாற்றிக்கொள்வது. குறைந்த காற்றில் பிஸ்டன் கீழே இருக்கும், காற்று கூடக் கூட மேலே எழும். அதனால் கொஞ்சம் பெரியதைத் தேர்ந்தெடுத்தாலும் ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது தடுமாறாது. நிலையான வென்ச்சுரி (காற்று செல்லும் குறுகிய வாய்) உள்ள கார்புரேட்டர்களில் இந்தச் சலுகை கிடையாது. 1489 சிசிக்கு எச்எஸ்4 போதும். கேம், ஹெட் மாற்றும் திட்டம் இருந்தால் எச்எஸ்6.

*இரட்டை எச்எஸ்4 அல்லது எச்ஐஎஃப்4.* எம்ஜிபி-க்குப் பிறந்த ஜோடி. அமெரிக்காவுக்கு 1975 முதல் போன எம்ஜிபி-களில் ஒற்றை சீனித்-ஸ்ட்ராம்பெர்க் இருந்தது, அந்தக் காருக்கு இதுவே மிகத் தெளிவான முன்னேற்றம். எம்ஜிபி மேனிஃபோல்ட் அம்பாசிடர் ஹெட்டின் போர்ட் இடைவெளிக்கும் பொருந்தும். ஆனால் ஸ்டாக் எக்ஸாஸ்ட்டுடன் இடித்துக்கொள்கிறதா, ஃபில்டருக்கும் உள் மட்கார்டுக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று அட்டையில் அளவு வெட்டி வைத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். ஸ்டாக் கம்பிரஷனும் ஸ்டாக் கேமும் உள்ள எஞ்சினில் இந்த ஜோடி அழகு கூட்டும், மேல் ஆர்பிஎம்மில் சற்றே மூச்சு விடவைக்கும், அவ்வளவுதான்.

*வெபர் 32/36 டிஜிவி.* இரண்டு பேரல் டவுன்டிராஃப்ட்: 32 மி.மீ. முதல் பேரல், அது பெரும்பகுதி திறந்த பிறகு 36 மி.மீ. இரண்டாவது பேரல். உள்ளே வென்ச்சுரி 26, 27 மி.மீ. டிஜிவி என்பது கையால் இழுக்கும் சோக், டிஜிஇவி மின்சாரச் சோக், டிஜிஏவி தண்ணீர்ச் சோக். ஜெட் எளிதில் கிடைக்கும், ஒருமுறை டியூன் செய்தால் நீண்ட நாள் நிற்கும். 1798 சிசிக்கு நல்ல பொருத்தம்.

அம்பாசிடரில் இதை மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்றே ஒன்று, ஆனால் எல்லாவற்றையும் கெடுப்பது. சோலெக்ஸுக்கான பழைய மேனிஃபோல்டின் மேல் 10 மி.மீ. தட்டையான அடாப்டர் தகடு போட்டு வெபரை உட்கார வைப்பார்கள். மேலே இரண்டு ஓட்டை, கீழே பழைய ஒற்றை ஓட்டை. காற்றுப் பாதையின் அளவு அந்தப் பழைய ஓட்டையால்தான் முடிவாகிறது. போதாததற்கு, அடாப்டரின் விளிம்பில் பெட்ரோல் மோதித் துளியாகத் தேங்கும். இரண்டாவது பேரல் திறக்கும்போது கார் விக்கும். இதற்கென வார்த்த மேனிஃபோல்ட் வேண்டும். கிடைக்காவிட்டால், பழைய மேனிஃபோல்டின் வாயைப் பெரிதாக்கி, குறைந்தது 25 மி.மீ. உயரத்தில் உட்புறம் சரிவாக இறங்கும் அடாப்டரை லேத்தில் செய்ய வேண்டும். அந்த உயரத்தோடு ஃபில்டரும் பானெட்டுக்குள் அடங்குமா என்று ஃபில்டர் மூடியின் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெல்ல மூடிப் பாருங்கள்.

*வெபர் 45 டிசிஓஇ.* பக்கவாட்டில் காற்று இழுக்கும் இரண்டு பேரல் கார்புரேட்டர். படத்தில் பார்க்க ஆசை வரும். மேல் ஆர்பிஎம்முக்கு ஏற்ற கேம், செதுக்கித் திருத்திய ஹெட், நல்ல எக்ஸாஸ்ட் மூன்றும் இருக்கும் 1798 சிசிக்கு மட்டும் இது நியாயம். ஸ்டாக் 1489 சிசியில் போட்டால் 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே காற்றின் வேகம் போதாமல் பெட்ரோல் சரியாகப் பொடியாகாது. மைலேஜ் இறங்கும், ஊருக்குள் கார் குதிக்கும். இன்னொன்று: பெரும்பாலான டிசிஓஇ-இல் டிஸ்ட்ரிபியூட்டருக்கான வேக்யூம் இணைப்பு கிடையாது. வேக்யூம் அட்வான்ஸை இழந்தால் சீரான பயணத்தில் மைலேஜ் போகும், எஞ்சின் சூடும் கூடும்.

பழைய பொருள் வாங்குவது பற்றி: சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் கார்புரேட்டரைக் கையில் எடுத்தவுடன் ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் உணர முடிந்தால் புஷ் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். எஸ்யூ என்றால் மேல் மூடியும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருத்தமான ஜோடியா என்று பாருங்கள், வேறு வேறு கார்புரேட்டரின் பாகங்களைக் கலந்து விற்பதுண்டு. வெபர் வடிவில் வரும் மலிவான நகல்களில் ஜெட்டின் மேல் அடித்த எண்ணும் ஓட்டையின் அளவும் ஒத்துப்போவதில்லை. அதை வைத்து டியூன் செய்வது வீண் அலைச்சல்.

படி 5: வாங்க வேண்டிய துணைப் பொருள்கள்

கார்புரேட்டரின் விலையில் பாதி அளவுக்கு இவையும் செலவாகும் என்று கணக்கு வையுங்கள்.

பெட்ரோல் அழுத்தம் முதலில். வெபருக்கு 2.5 முதல் 3.5 பிஎஸ்ஐ, எஸ்யூவுக்கு 3 பிஎஸ்ஐ சுற்று. அதற்கு மேல் போனால் ஃப்ளோட் நீடில் தாங்காது, பெட்ரோல் வழியும். பம்ப் என்ன தருகிறது என்று கேஜ் வைத்து அளந்து, கூடுதலாக இருந்தால் ரெகுலேட்டர் போடுங்கள். மின்சாரப் பம்ப் வைப்பதானால், மோதலில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் இனெர்ஷியா சுவிட்ச் கட்டாயம்.

பெட்ரோல் குழாய் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்தில் இருக்கட்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறி உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். ஃப்ளோட் நீடில் முனையும் வைட்டானாக இருப்பது நல்லது.

பி-சீரீஸில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், கார்புரேட்டர் எக்ஸாஸ்ட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. மே மாத வெயிலில் சிக்னலில் நின்று கிளம்பும்போது கார் இருமுவது இதனால்தான். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே 6 முதல் 10 மி.மீ. பேக்கலைட் ஸ்பேசர், எக்ஸாஸ்ட்டுக்கு மேல் தகர வெப்பத் தடுப்பு, இரண்டும் வேண்டும். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் பக்கம் விடாமல் மட்கார்டு ஓரமாகக் கொண்டுபோங்கள்.

இவை தவிர: மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஒன்று, கார்புரேட்டர் கேஸ்கெட் இரண்டு செட், திரும்பி இழுக்கும் ஸ்பிரிங் இரண்டு, வேலை செய்யும் இடத்தில் ஒரு கிலோ டிரை பவுடர் தீயணைப்பான். வெபர் என்றால் நீங்கள் போட்டிருக்கும் மெயின் ஜெட்டுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டு அளவுகள், ஐடில் ஜெட்டுக்கும் அப்படியே.

படி 6: மாட்டும்போது

பேட்டரி நெகடிவ் கழற்றி, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு தொடங்குங்கள்.

மேனிஃபோல்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே ஸ்டட், ஒரே தடித்த வாஷர் அழுத்திப் பிடிக்கிறது. வாஷரின் ஒரு பாதி இன்லெட் ஃப்ளாஞ்சின் மேல், மறுபாதி எக்ஸாஸ்ட்டின் மேல். புது இன்லெட்டின் ஃப்ளாஞ்ச் பழைய எக்ஸாஸ்ட்டை விட அரை மி.மீ. மெலிதாக இருந்தாலும் வாஷர் சாய்ந்து ஒரு பக்கத்தை மட்டுமே அழுத்தும். கண்ணுக்கு இறுகியதாகத் தெரியும், ஆனால் இன்லெட் காற்று இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு ஃப்ளாஞ்சையும் வெர்னியரால் அளந்து, தடித்ததைத் தேய்த்து ஒன்றாக்குங்கள், அல்லது வாஷரில் அந்த வித்தியாசத்துக்குப் படி வெட்டுங்கள். நட் 15 அடி-பவுண்டு (20 நியூட்டன் மீட்டர்). ஒருமுறை சூடாகி ஆறியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

எச்எஸ்4-இல் ஃபில்டர் மாட்டும் முகத்தில் இரண்டு சிறு ஓட்டைகள் இருக்கும். பிஸ்டனுக்கு அடியில் வெளிக்காற்று போகும் வழி அது. ஃபில்டர் கேஸ்கெட்டைத் தலைகீழாக வைத்தால் அந்த ஓட்டைகள் அடைபடும், பிஸ்டன் எழாது, கார் ஒரு வேகத்துக்கு மேல் ஏறாது. கேஸ்கெட்டில் அதற்கான ஓட்டை சரியாக நேர்படுகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

டிசிஓஇ-ஐ இறுக்கி முறுக்கக் கூடாது. ரப்பர் ஓ-ரிங் உள்ள தகட்டின் மேல், ஸ்பிரிங் போன்ற தாக்கரே வாஷர் வைத்து, சுருள்களுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளி தெரியும் வரை மட்டும். எஞ்சின் அதிர்வு நேராகப் போனால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் நுரைக்கும்.

கிராங்க்கேஸ் பிரீதரை மறக்க வேண்டாம். எம்ஜிபி-யின் எஸ்யூவில் அது கார்புரேட்டரிலேயே இணையும். வெபருக்கு மாறும்போது அந்தக் குழாயை அடைத்துவிட்டால் அழுத்தம் கூடி, பின் ஆயில் சீல் வழியே ஆயில் கசியும். சிறு கேட்ச் டேங்க் அல்லது ஃபில்டருக்குள் இணைப்பு கொடுங்கள்.

கடைசியாக லிங்கேஜ். ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, மற்றவர் பட்டர்ஃப்ளை முழுக்கத் திறப்பதைப் பார்க்க வேண்டும். கால் எடுத்தவுடன் 'டக்' என்று மூட வேண்டும். ஒரு ஸ்பிரிங் அறுந்தாலும் மற்றது மூடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

படி 7: எஸ்யூ டியூனிங்

ஜெட்டை மேலே பாலத்தோடு (பிஸ்டனுக்கு நேர் கீழே உள்ள மேடு) சமமாக ஏற்றி, அங்கிருந்து அட்ஜஸ்டிங் நட்டை இரண்டு முழுச் சுற்று (12 முகம்) கீழே இறக்குங்கள். டேஷ்பாட்டில் (பிஸ்டனுக்கு மேலே ஆயில் ஊற்றும் இடம்) 20 கிரேட் ஆயில், இல்லாவிட்டால் 20W-50 எஞ்சின் ஆயில். டேம்பரை இறக்கும்போது மூடி உட்கார 6 மி.மீ. இருக்கையிலேயே எதிர்ப்பு தெரிந்தால் அளவு சரி.

இரட்டைக் கார்புரேட்டரில் இணைப்பு கிளாம்ப்களைத் தளர்த்தி, இரண்டு ஐடில் ஸ்க்ரூவையும் பட்டர்ஃப்ளை மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே திருப்பவும். எஞ்சின் சூடானதும் அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துக் கேளுங்கள். சீறும் ஒலி இரண்டிலும் ஒன்றாகும் வரை ஸ்க்ரூவைத் திருப்பி, பிறகு கிளாம்பை இறுக்கவும். காற்றை முதலில் சமன் செய்யாமல் மிக்ஸரை (காற்று-பெட்ரோல் கலவை) தொட்டால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும்.

மிக்ஸர் பார்க்க, அடியிலுள்ள சிறு பின்னை அழுத்தி பிஸ்டனை முக்கால் மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் கூடுதல்), நட்டை ஒரு முகம் மேலே. உடனே இறங்கி அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு), ஒரு முகம் கீழே. ஒரு கணம் லேசாகக் கூடி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் எஞ்சினை ஒருமுறை ரேஸ் செய்து விடுங்கள்.

பிஸ்டன் ஒட்டுகிறது என்ற சந்தேகம் இருந்தால் மேல் மூடியோடு கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, பிஸ்டனின் ஓட்டைகளை அடைத்துத் தலைகீழாகப் பிடித்து மூடி விழும் நேரத்தைப் பாருங்கள். எச்எஸ்4-க்கு 5 முதல் 7 விநாடி. அதைவிட மெதுவாக என்றால் அழுக்கு. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தால் போதும், எமரி பேப்பர் கொண்டு தேய்த்தால் அந்தக் கார்புரேட்டர் பாழ்.

ஐட்லிங் சரியாக இருந்தும் மேல் வேகத்தில் லீனாக இருந்தால் நட்டால் தீராது, நீடிலை (ஜெட்டுக்குள் இறங்கும் ஊசி) மாற்ற வேண்டும். எம்ஜிபி-யின் நிலையான நீடில் கொண்ட எச்எஸ்4-க்கு ஸ்டாண்டர்ட் எண் 5, ரிச் 6, லீன் 21. திறந்த ஃபில்டர் போட்டாலே பெரும்பாலும் ஒரு படி ரிச்சாகப் போக வேண்டியிருக்கும்.

படி 8: வெபர் டியூனிங்

வெபரில் முதலில் புரிய வேண்டியது, 3,000 ஆர்பிஎம் வரையிலான லேசான ஓட்டத்தில் பெட்ரோல் கொடுப்பது பெரும்பாலும் ஐடில் ஜெட்தான். 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது கார் விட்டுவிட்டு இழுத்தால் பலர் மெயின் ஜெட்டை மாற்றுகிறார்கள், பயன் இருக்காது.

டிஜிவி-யில் ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூ லீவரைத் தொட்ட பிறகு ஒரு சுற்று உள்ளே, மிக்ஸர் ஸ்க்ரூ மெல்ல மூடியதிலிருந்து இரண்டு சுற்று வெளியே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மிக்ஸரை உள்ளே திருப்பி, எஞ்சின் தடுமாறத் தொடங்கும் இடம் பிடித்து, அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாக வெளியே எடுத்து, சீராக ஓடும் முதல் இடத்தில் நிறுத்தவும். அந்த இடம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் இருந்தால் ஐடில் ஜெட் சிறியது, ஒரு சுற்றுக்குக் கீழே என்றால் பெரியது. ஸ்பீடு ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திருப்பினால்தான் எஞ்சின் அணையாமல் ஓடுகிறது என்றாலும் ஐடில் ஜெட் சிறியது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது.

ஜெட் எண் நேரடியாக மி.மீ. கணக்கு: 135 என்றால் 1.35 மி.மீ. டிசிஓஇ-க்கு வென்ச்சுரி அளவை 4-ஆல் பெருக்கினால் மெயின் ஜெட்டின் தொடக்க எண், அதோடு 50 கூட்டினால் ஏர் கரெக்டர் (காற்றுக்கான ஜெட்). 36 மி.மீ. வென்ச்சுரிக்கு 145, 195. இந்த விதி ஒரு பேரலுக்கு ஒரு சிலிண்டர் உள்ள எஞ்சின்களுக்கு உருவானது. இங்கே ஒரு பேரலில் இரண்டு சிலிண்டர் அடுத்தடுத்து இழுப்பதால் 155 முதல் 165-இல் தொடங்குவதே வழக்கம்.

எத்தனாலுக்கான திருத்தம் தனி. கலப்பில்லாத பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, 20 சதவீத எத்தனாலுக்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஜெட்டின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போவதால் விட்டத்தில் 4 சதவீதம் கூட்டினால் போதும்: 135 இருந்த இடத்தில் 140. வெளிநாட்டுப் பட்டியல்களில் பழைய பெட்ரோலுக்குக் கொடுத்த எண்களை அப்படியே போட்டு "கார்புரேட்டருக்குள் பட்டாசு வெடிக்கிறது" என்று திண்டாடுவது இதனால்தான்.

வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சரை வாடகைக்காவது எடுத்து ஒருநாள் மாட்டி ஓட்டுவது மிகவும் பயன்தரும். லாம்ப்டா அளவில் (சரியான கலவைக்கு 1, அதற்குக் கீழே ரிச்) படியுங்கள், எத்தனால் கலப்பு எவ்வளவாக இருந்தாலும் அது மாறாது: முழு ஆக்சிலரேட்டரில் 0.86 முதல் 0.88, சீரான பயணத்தில் 0.98 முதல் 1.0, ஐட்லிங்கில் 0.90 முதல் 0.95. பிளக் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், இன்றைய பெட்ரோலில் சரியான கலவையிலும் பிளக் வெளிறித்தான் இருக்கும். நான்கு பிளக்கும் ஒன்றுக்கொன்று எப்படி இருக்கின்றன என்று ஒப்பிடப் பிளக் உதவும். பங்கு போர்ட் காரணமாகப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே லேசான வித்தியாசம் இந்த எஞ்சினில் இயல்பு.

கோளாறும் காரணமும்

ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதிக்கும்போது விக்கல்: எஸ்யூவில் டேஷ்பாட் ஆயில் குறைவு, வெபரில் ஆக்சிலரேட்டர் பம்ப் டயஃப்ரம் அல்லது பம்ப் ஜெட்.

கால் எடுத்த பிறகு வேகம் மெதுவாக இறங்குவது: காற்று இழுப்பு. ஷாஃப்ட் முனைகளிலும் கேஸ்கெட் ஓரத்திலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், ஐட்லிங் மாறும் இடம்தான் ஓட்டை. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருப்பதால் இந்த எஞ்சினில் பெட்ரோலோ கார்ப் கிளீனரோ தெளிக்கக் கூடாது.

நின்ற இடத்தில் பெட்ரோல் வாடை, சூட்டில் ஸ்டார்ட் ஆகாமை: அழுத்தம் அதிகம், அல்லது ஃப்ளோட் மட்டம் உயரம். டிஜிவி-யில் மூடியைச் செங்குத்தாகப் பிடித்து ஃப்ளோட் மட்டத்தை அளக்கும்போது பிளாஸ்டிக் ஃப்ளோட்டுக்கு 35 மி.மீ., பித்தளைக்கு 41 மி.மீ.

எல்லாம் முடிந்து 500 கி.மீ. ஓடிய பிறகு மேனிஃபோல்ட் நட், கார்புரேட்டர் நட், குழாய் கிளாம்ப் மூன்றையும் மறுபடி இறுக்கி, ஐட்லிங்கை ஒருமுறை திருத்தி, அதன்பின் புகைச் சோதனைக்குக் கொண்டுபோங்கள். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம். சான்றிதழோடு நின்றுவிடாமல் அச்சிட்ட அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு 2 சதவீதம் சுற்றி இருந்தால் ஐடில் மிக்ஸர் சரி. அது குறைவாக இருந்தும் ஹைட்ரோகார்பன் வரம்பைத் தாண்டினால் கலவை லீனாகி ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகிறது. அப்போது கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பிளக், பிளக் வயர், காற்று இழுப்பு இந்த மூன்றையும் பாருங்கள்.